தாரும்

பிராண்டே
4 பெப்ரவரி 2024

ஜெனுஷாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உன் தொலைபேசி எண்ணை அழித்து நாலு வருடமாகிறது. மின்னஞ்சல் போட்டால் முதலில் உன் மேனேஜர்தான் படிப்பான். தமிழில் பேனாவால் எழுதினால் அந்தச் சுவீடன்காரன் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு உன்னிடமே தந்துவிடுவான். இந்தக் காலத்தில் டென்மார்க்கில் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் தமிழ் அம்மா வேதாகமத்தை வைத்துச் சொல்லித்தந்த தமிழ். பிழை கண்டால் வழக்கம்போலச் சிரித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தொடக்கம் இங்கே டி.வி.யில் ஒரு தயிர் விளம்பரம் போகிறது. பனிக்குள் ஒரு பொன்னிறத் தலைமுடிக்காரப் பிள்ளை வெறுங்காலோடு ஓடுகிறாள், நின்று கரண்டியை நக்குகிறாள். பின்னால் நம்முடைய பாட்டு. பாட்டுக்குள் என் அம்மாவின் குரல். "தாரும், தாரும்."

சுவீடனில் அது யாருக்கும் விளங்காது. இங்கே விளங்கும். கடையில் மரக்கறி எடுத்துக்கொண்டு நின்றபோது சிஸ்டர் சுஜாந்தினி வந்து என் கையைப் பிடித்தார். "ரூத், அந்தத் தயிர் விளம்பரத்திலை உங்கடை அம்மாவின்ரை குரல் கேட்குது. அவ உபவாசச் செபத்திலை அழுகிற மாதிரியே கிடக்குது" என்றார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்னும் எத்தனை பேரைச் சமாளிப்பது?

அம்மா டி.வி. பார்ப்பதில்லை. அதனால் இன்னும் தெரியாது. சபையில் வெள்ளிக்கிழமைச் செபத்தை அவர்தான் நடத்துகிறார். காற்றாலைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு எடுத்துவிட்டார், நிருபன் அண்ணாவும் இல்லை. இந்த வெள்ளிக்கிழமை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். தான் ஆண்டவரிடம் அழுத அழுகை தயிர் விற்கிறது என்று தெரிந்தால் அந்த மனுஷி எழும்பமாட்டார்.

பாட்டு உன்னுடையதாகவே இருக்கட்டும். பேரும் புகழும் உனக்கே. அம்மாவின் குரலை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ரூத்


மால்மோ
13 பெப்ரவரி 2024

அன்பு மச்சாள்,

ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள் நாலு வருடம் கழித்து வாய் திறக்கிறாள், அதுவும் தயிருக்காக. பரவாயில்லை. உன் எழுத்து இன்னும் ஞாயிறு பாடசாலைப் பிள்ளையின் எழுத்துப் போலவே இருக்கிறது.

"நம்முடைய பாட்டு" என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். சபை மண்டபத்தின் நிலவறையில் ரோல்ஸும் கட்லட்டும் உறைந்து கிடந்த அந்தப் பெரிய ஃப்ரீசரை மறந்திருக்கமாட்டாய். அதன் உறுமலைச் சுருதியாக வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் பாடினோம். மேலே எல்லாரும் ஒருவரையொருவர் சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட, கீழே நாங்கள் எங்கள் குழுவுக்கு "சிஸ்டர் ஃப்ரீசர்" என்று பேர் வைத்துக்கொண்டோம். சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் எடுத்தது. பிறகு பாலம் தாண்டி மால்மோ. நீ ஹொட்டலில் கட்டில் விரித்தாய், நான் கோப்பை கழுவினேன். கோதன்பர்க்கில் ஒரு குட்டி நிறுவனம் எங்கள் முதல் இசைத்தட்டைப் போட்டது. "பனியும் சாம்பிராணியும் கலந்த இசை" என்று ஸ்டொக்ஹோம் பத்திரிகைக்காரன் எழுதினான். பெந்தெகொஸ்தேக்காரர் வீட்டில் சாம்பிராணி எங்கே இருக்கிறது என்று கேட்டு நாங்கள் உருண்டோம்.

அந்தப் பத்திரிகைக்காரன் எழுதியது "தாரும்" என்ற பாட்டுக்கு. அந்தக் குரல் இல்லாவிட்டால் நாங்கள் இன்றைக்கும் கோப்பை கழுவிக்கொண்டிருப்போம். உபவாசச் செபத்தில் என் றெக்கோர்டரில் பதிந்த துண்டு என்று நான் உனக்கு ஒளிக்கவில்லை. போட்டுக் காட்டினேன். "அபிஷேகம் தாரும் எண்டு கேக்கிறா போல" என்று நீயே விளக்கம் சொன்னாய். தலையாட்டினாய். அதற்கு மேல் உன் குரலை வைத்து மூன்று வருடம் ஊர் ஊராகப் பாடினாய். இப்போது சிஸ்டர் சுஜாந்தினி கையைப் பிடித்தவுடன் உனக்குப் பக்தி வந்துவிட்டது.

உமெயோவில் மேடைக்குப் பின்னால் ஒரு வானொலிக்காரி "தாரும் என்றால் என்ன" என்று கேட்டாள். நான் தாலாட்டு என்றேன். அதற்காக நீ கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலில் போய்விட்டாய். அன்றைக்கு இரவு நான் தனியே பாடினேன். இப்போது எப்பா என்றொரு சுவீடன் பெட்டை உன் வரிகளைப் பாடுகிறாள். ஒரு சொல் விளங்காமல், ஒரு சுரம் பிசகாமல். உன்னை யாரும் தேடவில்லை, மச்சாள்.

ஆனாலும் என் மனம் கல் இல்லை. ஏப்ரல் இருபதாம் திகதி பிரெடெரிசியாவில் எங்களுக்குப் பத்தாண்டு நிகழ்ச்சி. உங்கள் ஜூட்லாந்தில் இதுதான் முதல் தடவை. ஆரம்பத்தில் இருந்த இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமாம், மண்டபக்காரர் கேட்கிறார்கள். நீ வந்து அந்த ஒரு பாட்டைப் பாடு. பாடினால் மாமியின் குரலை எடுத்துவிடுகிறேன், மேடையிலும், விளம்பரத்திலும், எல்லா இடத்திலும். வராவிட்டால் தயிர் முடிய வெண்ணெய்க்கும் கொடுப்பேன்.

ஜெனு


பிராண்டே
2 மார்ச் 2024

ஜெனுஷாவுக்கு,

பிந்திவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

யாரோ ஒரு பிள்ளை தொலைபேசியில் அந்த விளம்பரத்தைப் போட்டுச் செபம் முடிந்த கையோடு அம்மாவின் காதில் வைத்திருக்கிறது. அம்மா கேட்டார். இரண்டாம் தரமும் போடச் சொல்லிக் கேட்டார். பாஸ்டர் ஜெபநேசன் வீட்டுக்கு வந்து, தேவனுக்குக் கொடுத்ததைச் சந்தையில் விற்றதென்றால் அது சின்ன விஷயமில்லை, யார் செய்தது என்று தெரியும்வரை சிஸ்டர் றஜனி வெள்ளிக்கிழமைச் செபத்தை நடத்தாமல் பின்வரிசையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார். அம்மா அந்தக் கோப்பையைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நீதானே செய்தனி?"

நான் துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன்.

"ஜெனு இப்பிடிச் செய்யமாட்டாள். அவளுக்கு என்னிலை பாசம்" என்றார்.

இதை நீ வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். உன் அப்பா ஹொல்ஸ்டெப்ரோவில் புதுக் குடும்பத்தோடு இருந்துகொண்டு, பத்து வயதில் உன்னை இலங்கையிலிருந்து கூப்பிட்டு, புதுப் பெண்சாதிக்குப் பிடிக்கவில்லை என்றவுடன் ஒரு பையோடு எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கார் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. அன்றைக்கு உன்னை உள்ளே கூப்பிட்டது அம்மா. என் கட்டிலில் பாதியை உனக்குத் தந்தது அம்மா. குளிர்கால உடுப்பு வாங்கும்போது உனக்குப் புதிது, எனக்கு அண்ணாவின் பழையது. எங்கள் வீட்டில் தின்ற சோற்றை நீ எந்தக் காலத்திலும் எண்ணிப் பார்த்ததில்லை. தின்ற வீட்டுக்காரியின் வாயை வெட்டி எடுத்து விற்கிறாய்.

உன் அப்பாவுக்கு உன்னை ஏன் பிடிக்காமல் போனது என்று சின்ன வயதில் யோசித்து அழுதிருக்கிறேன். இப்போது அந்த மனுஷனைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

பிரெடெரிசியாவுக்கு வந்து பாடுகிறேன். நீ சொன்ன வாக்கைக் காப்பாற்று.

ரூத்


மால்மோ
9 மார்ச் 2024

ரூத்,

சோற்றை எடுத்துவிட்டாய். அப்பாவையும் எடுத்துவிட்டாய். நல்லது. இனி நானும் எடுக்கிறேன்.

இத்தோடு ஒரு குட்டி மெமரி ஸ்டிக் இருக்கிறது. அதில் அந்த ஒலிப்பதிவு முழுதும் இருக்கிறது. வெட்டாதது. நீ கேட்டதும் உலகம் கேட்டதும் அதில் ஒரு நகத்தளவு.

அது எந்த உபவாசச் செபம் என்று நீ கேட்கவே இல்லையே. சொல்கிறேன். ஹேர்னிங் ரோட்டில் லொறி அடித்து நிருபன் அண்ணாவை அடக்கம் பண்ணிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. நான் பாடகர் குழுவைப் பதிய முன்வரிசைக் கதிரைக்குக் கீழே றெக்கோர்டரை வைத்திருந்தேன். பாட்டு முடிந்தது. எல்லாரும் முழங்காலில் நின்று செபிக்கத் தொடங்கினார்கள். நிறுத்த மறந்துபோனேன். மாமி அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"அபிஷேகம் தாரும்" என்று மாமி கேட்கவில்லை, மச்சாள். மாமி கேட்டது இது: "ஆண்டவரே, ஏன் அவனை எடுத்தீர்? இவளை எடுத்துக்கொள்ளும், அவனைத் தாரும். இவளை எடுத்துக்கொள்ளும், அவனைத் தாரும்." திரும்பத் திரும்ப. இவள் என்றால் யார் என்று உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மாமியின் ஒரு கை உன் தலையில்தான் இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

நான் அதில் "தாரும்" என்பதை மட்டும் வெட்டி எடுத்தேன். மற்றதை உனக்குக் கேட்க விடாமல் பத்து வருடம் வைத்திருந்தேன். நீ மேடையில் கண்ணை மூடிக்கொண்டு, உன்னை எடுத்துக்கொள்ளச் சொன்ன குரலின் மேலேயே இனிக்க இனிக்கப் பாடுவாய். நான் பக்கத்தில் நின்று கீபோர்ட் வாசித்துக்கொண்டு, பாவம் இது என்று நினைப்பேன். அந்த இரக்கத்துக்கு நீ போன கடிதத்தோடு முற்றுப்புள்ளி வைத்தாய்.

இப்போது போய் அந்த அம்மாவுக்காக அழு.

ஜெனு


பிராண்டே
28 மார்ச் 2024

ஜெனுஷாவுக்கு,

கேட்டேன். முழுதும் கேட்டேன், காரை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு. வயோதிபர் இல்லத்தில் அன்றைக்கு வேலைக்குப் பிந்திப்போனேன்.

நீ எங்கள் சபையில் வளர்ந்தவள். அங்கே செபிக்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாய்த்தான் செபிப்பார்கள். ஏன் என்று நீ ஒருநாளும் யோசிக்கவில்லை. எல்லாரும் கத்தும்போது யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள்தான் ஒரு மனுஷி வெளியே சொல்லமுடியாததைச் சொல்லலாம். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் நானும் கத்திக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலை உன் மெஷின் உடைத்துவிட்டது.

உனக்கு இவ்வளவு நல்ல காது என்று ஊரெல்லாம் சொல்லுகிறார்கள். ஆனால் நீ பத்து வருடம் அம்மாவின் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறாய். அதற்குப் பின்னால் மெல்லிசாய் ஒரு குரல் இருக்கிறது. ஹெட்போனைப் போட்டுக் கேட்டுப்பார். "என்னை எடுத்துக்கொண்டு அண்ணாவைத் தாரும்." அது நான்.

நானும் அம்மாவும் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறோம். இருபதாம் திகதி சந்திப்போம்.

ரூத்


பிரெடெரிசியா
21 ஏப்ரல் 2024

ரூத்,

மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹொட்டலில் இருந்து எழுதுகிறேன். எப்பாவும் மற்றவர்களும் காலை ரயிலில் போய்விட்டார்கள். நான் போகவில்லை. இப்படி என்னை ஊருக்கு நடுவில் விட்டுவிட்டுப் போவது உனக்குப் பழக்கமாகிவிட்டது.

நான் வாக்கைக் காப்பாற்றினேன். குரலை எடுத்துவிட்டேன். அது வரவேண்டிய இடத்தில் வெறும் தாளம் மட்டும் போனது. உனக்கு அது போதாதா? நீ கேட்டது அதுதானே? அந்த வெறும் இடம் வந்ததும் நீ கண்ணை மூடிக்கொண்டு, மாமி சொன்ன அதே வரியை, மாமியின் அதே இழுவையில், முழுசாய்ப் பாடினாய். "இவளை எடுத்துக்கொள்ளும், அவனைத் தாரும்." டெனிஷ்காரர் எழும்பி நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் தமிழ்ப் பாடசாலைச் சீவரத்தினம் அண்ணையும் மனைவியும் இருந்தார்கள். அவர்கள் மட்டும் தட்டவில்லை. அண்ணை எழும்பி வெளியே போகும்போது உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு போனார். நான்தான் உன்னை அப்படிப் பாடவைத்தேன் என்று நினைத்திருப்பார். நீயும் அதைத்தான் விரும்பினாய்.

நீ சொன்னபடி ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். பின்னால் உன் குரல் இருக்கிறது. சரிதான்.

ஆனால் நான் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. அந்தப் பதிவை நான் எத்தனை தரம் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. பாட்டுக்காக முதல் இரண்டு தரம். மிச்சமெல்லாம் வேறு ஒன்றுக்காக. நான் என் பேரைத் தேடினேன், ரூத். அண்டைக்கு நானும் அங்கேதான் முழங்காலில் நின்றேன். மாமியின் ஒரு கை உன் தலையில் இருந்தது, மற்றக் கை சும்மா காற்றில் இருந்தது. நான் தலையைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனேன். அந்தக் கை இறங்கவில்லை.

மாமி தன் மகனுக்காக ஆண்டவரோடு பேரம் பேசினார். உன்னைக் கொடுக்கத் தயாராக இருந்தார். அந்த வீட்டில் இன்னொரு பெட்டையும் இருந்தாள். பத்து வயதிலிருந்து அவர் சோற்றைத் தின்றவள், கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லாதவள். அவளைக் கொடுக்கலாம் என்று மாமிக்குத் தோன்றவே இல்லை. பாசத்தால் இல்லை. நான் அந்தக் கணக்கிலேயே இல்லை. நீயும் உன்னைக் கொடுத்தாய். இரண்டு பேரும் உங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டீர்கள்.

அதனால்தான் விற்றேன். என்னை ஒருமுறைகூடச் சொல்லாத வாயை நான் வெட்டினேன். இதற்கு நீ எந்தப் பேரும் வைத்துக்கொள்.

மாமியிடம் போய் நான்தான் செய்தேன் என்று சொல். வேண்டுமானால் சபையில் எழும்பிச் சாட்சியாகச் சொல். எனக்குப் பயம் இல்லை. மாமி என்னைத் திட்டட்டும், சபிக்கட்டும். என் பேரைச் சொல்லித் திட்டட்டும்.

ஜெனு


பிராண்டே
6 மே 2024

ஜெனுஷாவுக்கு,

விளம்பரம் நின்றுவிட்டது. பாட்டிலும் குரல் இல்லை. கேட்டுப் பார்த்தேன். இப்போது அது ஒரு சாதாரணப் பாட்டு. எப்பாவுக்குச் சரியாக இருக்கும்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழும்பினேன். அம்மாவின் செபத்தைப் பதிந்ததும் நான், வெட்டியதும் நான், விற்றதும் நான் என்று சொன்னேன். ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. இனி நான் பாடகர் குழுவில் நிற்கக்கூடாது, வருடம் முழுதும் பின்வரிசை. நான் வேலை செய்யும் இல்லத்துக்கே வந்து சிஸ்டர் சுஜாந்தினி, "பெத்த தாயை வித்தவளே" என்று தன் பங்குக்கும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா முன்னுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைச் செபத்தை அவரே நடத்தினார். குரல் முந்தியதைவிடக் கொஞ்சம் மெல்லிசாக இருந்தது, ஆனால் நடத்தினார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைக் கேட்க வேண்டும் என்றார். நான் மாட்டேன் என்றேன். விடவில்லை. குசினி மேசையில் வைத்துப் போட்டேன். முழுதும் கேட்டார். தன் குரலையும் கேட்டார், பின்னால் என் குரலையும் கேட்டார். வயதானவருக்கு அது எப்படிக் கேட்டதோ தெரியாது, உடனே கண்டுபிடித்துவிட்டார். என் தலையில் கையை வைத்தார். இரண்டு பேரும் அழுதோம். நீ பார்க்காமல் போனது நல்லது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்டைக்கு ஜெனுவும் வந்தவளோ?"

ஜெனுஷா, அவருக்கு நினைவில்லை. நீ முழங்காலில் நின்றதும், தலையைக் கிட்டக் கொண்டுபோனதும் ஒன்றும் நினைவில்லை.

"இல்லையம்மா. அவள் அண்டைக்கு வரேல்லை" என்றேன்.

"அதுதான் பாத்தன்" என்றார். எழும்பிப்போய் உலையை வைத்தார்.

உன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டதற்கு என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதே. அம்மாவை எனக்குத் தெரியும். அவர் உன்னைத் திட்டமாட்டார், சபிக்கமாட்டார். நீ செய்தாய் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சாப்பாட்டை விட்டிருப்பார். வெள்ளிக்கு வெள்ளி முன்வரிசையில் முழங்காலில் நின்று, உன் ஆத்துமாவுக்காக, ஜெனுஷா, ஜெனுஷா என்று உன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதிருப்பார், செத்துப்போகும்வரை.

அதை உனக்குத் தர எனக்கு மனம் வரவில்லை.

ரூத்